டீன் கடிதத்தில் ஒரு நாள் கூடுதல்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் டீன் கடிதம் என்றால் ஆறு பக்கம். சிலருக்கு ஏழு. எட்டாவது பக்கத்துக்குப் போனால் எங்கோ தவறு நடந்திருக்கிறது: ஒன்று மாணவர் செய்தது, இல்லையென்றால் நான் செய்தது.

இங்கே படித்து முடிப்பவர்களில் சிலர் அமெரிக்க மருத்துவமனைகளில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்கள். ரெசிடென்சி என்பார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. பரீட்சை மதிப்பெண், பேராசிரியர்களின் சிபாரிசு, தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரு பக்கம், இவற்றோடு கல்லூரியும் மாணவரைப் பற்றி ஒரு மதிப்பீடு அனுப்ப வேண்டும். டீன் கையெழுத்துப் போடுவதால் அது டீன் கடிதம். அது சிபாரிசு இல்லை. இதைப் பெற்றோர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. "நல்லதா நாலு வார்த்தை சேத்துப் போடுங்க சார்" என்பார்கள். நான்கு வார்த்தை என்ன, ஒரு கமாகூட நான் சேர்க்க முடியாது.

முதலில் மாணவரின் தனித்தன்மை பற்றி மூன்று சிறு குறிப்புகள். அடுத்து சேர்ந்த நாள், முடித்த நாள், இடையில் படிப்பு தடைப்பட்டதா, ஏன் என்ற விவரம். பிறகு மதிப்பெண்கள். பிறகு எட்டு வார்டுகளில் பயிற்சி பெற்றபோது அங்கிருந்த நிபுணர்கள் எழுதிய கருத்து, எழுதியது எழுதியபடி. ஒவ்வொரு வார்டுக்கும் பார் சார்ட் என்கிற ஒரு கட்டைப் படம், வகுப்பில் இந்த மாணவர் எந்தக் கட்டையில் நிற்கிறார் என்று காட்ட. கடைசியில் சுருக்கமாக ஒரு பத்தி. எட்டு வார்டுகளிலிருந்தும் கருத்தைத் திரட்டுவது என் வேலை. அறுவை சிகிச்சைக்காரர் ஒருவர் 'நேரத்துக்கு வருவார்' என்று இரண்டே சொல்லில் ஒரு மாணவனின் எட்டு வாரத்தை முடித்து அனுப்பினார். நான்கு முறை திருப்பி அனுப்பினேன். ஐந்தாவது முறை 'நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார்' என்று வந்தது.

நான் இந்தக் கல்லூரிக்கு வந்து பதின்மூன்று வருடம். அதற்கு முன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் டைம்கீப்பர். அறுநூறு பேர் வேலை செய்த சைட். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, யார் லீவு, யார் சொல்லாமல் நின்றான், எல்லாம் என் கையில். ஒரு மனிதனின் ஒரு நாளைக்கூட நான் தொலைத்ததில்லை. இதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

நாள் எண்ண எனக்கென்று ஓர் அட்டை உண்டு. பதினான்கு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். ஐந்து கட்டம் வெள்ளை, இரண்டு கட்டம் கறுப்பு, மறுபடி ஐந்து வெள்ளை, இரண்டு கறுப்பு, இப்படியே ஐந்து வாரத்துக்கு. மருத்துவமனையிலிருந்து வரும் வருகைத் தாளில் தேதிகள் ஒரே வரிசையில் இருக்கும். அட்டையின் முதல் வெள்ளையை வாரத்தின் முதல் வேலை நாளோடு பொருத்தினால் கறுப்பு விழும் நாளெல்லாம் விடுமுறை. மிச்சம் வேலை நாள்.

நான் இந்த வளைகுடா நாட்டுக்கு வந்த பிறகு வார விடுமுறை இரண்டு முறை மாறிவிட்டது. கல்லூரிக்கு வந்தபோது வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு முதல் வேலை நாள். அதற்கு ஓர் அட்டை, மூலையில் சிறிதாக 'ஞா' என்று எழுதியது. பிறகு சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி பகல் வரை வேலை என்று மாற்றினார்கள். அதற்கு இன்னோர் அட்டை, மூலையில் 'தி'. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மாற்றத்துக்கு முன் சேர்ந்து மாற்றத்துக்குப் பின் முடிக்கிற மாணவர்களுக்கு இரண்டுமே வேண்டும். முதல் வருடங்களுக்கு 'ஞா', பிந்திய வருடங்களுக்கு 'தி'. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருந்தேன்.

எதிர் மேசையில் இணையப் பதிவேற்றத்தைப் பார்க்கும் நாகர்கோவில் பெண்ணுக்கு என் அட்டைகள் என்றால் வேடிக்கை.

"சார், எக்செல்லுல ஒரு வரி போட்டா அது எண்ணித் தருமாக்கும். பாவம், அந்த அட்டைக்கும் ரிட்டயர்மெண்ட் குடுங்க."

"எக்செல்லுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தது யாரு? ஒரு மனுஷன்தானே? அந்த மனுஷன நான் பாத்தது இல்ல. என்னை நான் தினமும் கண்ணாடியில பாக்கறேன்."

அந்த வருடம் பதினேழு கடிதங்கள். ஜூன் கடைசியில் மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து அவரவர் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அது வழக்கம். மதிப்பீட்டை அவர்கள் மாற்றச் சொல்ல முடியாது. தகவல் தவறு இருந்தால் சொல்லலாம். சரியென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

பதினோராவதாக வந்தவள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அப்பா பஹ்ரைனில் ஒரு கம்பெனியில் கணக்காளராக இருந்தவர், வீடு ஈசா டவுனில். முந்தைய குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. இவள் குழந்தைகள் வார்டுப் பயிற்சியை விட்டுவிட்டு ஓடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய், நான்கு வாரம் கழித்து ஒரு ஞாயிறு இரவு திரும்பினாள். அந்த இரண்டு ஞாயிறும் விடுப்பு விண்ணப்பத்திலேயே இருக்கின்றன.

எங்கள் கல்லூரி விதி இது: வார்டுப் பயிற்சி வருடத்தில் இருபது வேலை நாள் வரை வராமல் இருந்தால் ஈடு செய்துகொள்ளலாம், கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. இருபதைத் தாண்டினால் படிப்பு தடைப்பட்டதாகக் கணக்கு. காரணத்தோடு இரண்டாம் பக்கத்தில் எழுத வேண்டும். அவள் கடிதத்தில் எழுதியிருந்தேன்: இருபத்தொரு வேலை நாள்.

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இதை எடுக்கேலாதோ?"

"முடியாதும்மா."

"ஒரு நாள்தானே கூட. நான் திரும்பி வந்து சனி ஞாயிறெல்லாம் டியூட்டி பாத்து ஈடு செய்தனான். வார்டு டொக்டரும் நல்லாத்தானே எழுதியிருக்கிறார்."

"அவர் எழுதினது அஞ்சாம் பக்கம். இது ரெண்டாம் பக்கம்."

"அமெரிக்காவில அவையள் ரெண்டாம் பக்கத்தைத்தான் முதல் பாப்பினமாம். படிப்பில பிறேக் இருக்கெண்டால் மிச்சத்தைப் பாக்காமலே தள்ளி வைப்பினமாம். ஆயிரம் பேர் அப்ளை பண்ணுற இடத்தில ஆர் அங்கிள் காரணம் வாசிக்கப் போயினம்?"

"ஒரு நாள் கூட்டி எழுதறதும் தப்பு, ஒரு நாள் குறைக்கறதும் தப்பு. இருபத்தொண்ணு இருபத்தொண்ணுதான்" என்றேன்.

அவள் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எண்ணிக் காட்டியிருப்பேன், தவறும் அன்றைக்கே தெரிந்திருக்கும். "நீயாவது எண்ணிப் பாத்தியாம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"அந்த நாளுகளை நான் எண்ணேல்லை, அங்கிள்" என்றாள்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, "அப்ப நான் எழுதுற பக்கத்திலயும் இதைச் சொல்லத்தான் வேணும். ஒளிச்ச மாதிரி இருக்கக் கூடாது" என்றாள். அது சரியான யோசனை என்று நானும் சொன்னேன். ஆகஸ்டில் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அதன் இரண்டாவது பத்தியில், தகப்பனாருக்காகத் தன் படிப்பு இருபத்தொரு நாள் தடைப்பட்டது என்று இருந்தது. என் எண்ணிக்கையை அவள் தன் கையால் எழுதியிருந்தாள்.

இடையில், ஜூலையில், அவள் அப்பா எனக்குப் போன் செய்தார். அவள் அப்போது பஹ்ரைன் போய் அங்கே ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல எடுத்தார்.

"ஐயா... இருபது... தானே?"

"இல்லீங்க. இருபத்தொண்ணு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"இல்லை... இருபது. வெள்ளி... வெள்ளி..."

வெள்ளி என்று இரண்டு முறை சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. மகளுக்காகக் கெஞ்சுகிறார், நோயில் கணக்கும் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். "உடம்பைப் பாத்துக்குங்க. கடிதத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பார்த்தேன், பேசியது இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

செப்டம்பரில் பதினேழு கடிதங்களையும் இணையத்தில் ஏற்றினோம். அங்கே அவை பூட்டிக் கிடக்கும். மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, எல்லா நாட்டு மாணவர்களின் கடிதங்களையும் ஒரே நேரத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் திறந்துவிடுவார்கள். எங்கள் நேரத்துக்கு மாலை ஐந்து மணி. அதுவரை யாரும் எதையும் பார்க்க முடியாது. அதன் பிறகு திருத்திப் பயனில்லை. முதலில் இறக்கிப் படித்ததுதான் படித்தது.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, கோப்புகளை அலமாரியில் ஏற்றுவதற்காக அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்தாவது கோப்பைத் தூக்கியபோது அதிலிருந்து ஓர் அட்டை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். மூலையில் 'தி'.

பத்தாவது மாணவரை முடித்த கையோடு அட்டையை அவர் கோப்பிலேயே விட்டுவிட்டிருக்கிறேன். அப்படியானால் பதினோராவது கோப்பை எந்த அட்டையால் எண்ணினேன்?

உறையைத் திறந்தேன். ஒரே ஓர் அட்டை இருந்தது. 'ஞா'.

அவள் விடுப்பு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. என் கையில் இருந்த அட்டையும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. இரண்டும் அப்படிப் பொருந்தியிருக்கும்போது என்னைத் தடுக்க அந்த மேசையில் எதுவுமே இருக்கவில்லை. வருகைத் தாளை எடுத்துப் புது அட்டையை வைத்தேன். முதல் ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு வாரம். கடைசி ஞாயிறு கணக்கில் இல்லை. இருபது. விரலால் எண்ணினேன். இருபது. நான்கு வெள்ளியை விட்டுவிட்டு ஐந்து ஞாயிற்றை எண்ணியிருக்கிறேன்.

"எக்செல்லுல எண்ணித் தாம்மா" என்றேன்.

எதிர் மேசைப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். தேதிகளைத் தட்டினாள்.

"இருபது சார்."

"இருபத்தொண்ணுன்னு அனுப்பியிருக்கோம்."

"யாருக்கு?"

சொன்னேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை ஐந்துக்கு இன்னும் ஏழு மணி நேரமும் பதினைந்து நிமிடமும் இருந்தன. "மாத்தின லெட்டர் ஏத்துனா அங்க ஒரு ஆளு பாத்துச் சரின்னு சொல்லணும் சார். சில நேரம் ரெண்டு மணிக்கூர். சில நேரம் ஒரு நாள்" என்றாள். "முதல்ல டீன் ஒப்பு வேணும்."

டீன் ஒரு சூடானியர், அறுவை சிகிச்சை நிபுணர். புதன்கிழமை காலையில் தியேட்டரில் இருப்பார். தியேட்டர் வாசலில் நீல நாற்காலிகள் ஒன்பது. இரண்டு கோப்பு, இரண்டு அட்டை, வருகைத் தாள், ஒரு காலண்டர், இவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் நர்ஸிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை அவள் இந்தியில் சொன்னாள்: "பாய், வயிறு திறந்து கிடக்கிறது. உங்கள் கடிதத்துக்காக மூட முடியாது."

பன்னிரண்டு இருபதுக்கு வெளியே வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசுவார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு.

"கடிதம் திறக்க இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை. இப்போது ஒரு மாணவிக்குச் சாதகமாக ஒரு வரியை எடுக்கச் சொல்கிறீர்கள்."

"சாதகம் இல்லை, சார். அந்த வரி தவறு."

"உங்களுக்கு யாராவது போன் செய்தார்களா?"

"ஜூலையில் தகப்பனார் செய்தார். நான் மறுத்துவிட்டேன்."

"உங்கள் ஊர்ப் பெண்ணா?"

"ஊர் வேறு, நாடும் வேறு. மொழி ஒன்று."

அவர் என்னையே பார்த்தார். பதின்மூன்று வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என்னை நம்பாததற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசி நாளில் வந்து ஒரு கிழவன் எண்ணிக்கையை மாற்றினால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். காலண்டரை நாற்காலி மேல் விரித்து, முதலில் 'ஞா' அட்டையை வைத்துக் காட்டினேன். பிறகு 'தி' அட்டையை. அவர் குனிந்து கையுறை கழற்றிய விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். நான் வாய் திறக்கவில்லை. எண்ணும்போது பேசினால் எனக்கும் பிடிக்காது.

"இருபது" என்றார். நிமிர்ந்தார். "நீங்கள் எப்படி?"

நான் காலண்டரை மடித்தேன்.

"என்ன நடந்தது என்று உங்கள் கைப்பட ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வையுங்கள். யார் எண்ணியது, எதனால் தவறியது, யார் கண்டுபிடித்தது. நாளை யாராவது கேட்டால் நான் காட்ட வேண்டும். கடிதத்தைக் கொண்டு வாருங்கள்."

ஒன்று ஐந்துக்குக் கையெழுத்தானது. ஒன்று முப்பத்தொன்றுக்கு எதிர் மேசைப் பெண் புதுக் கடிதத்தை ஏற்றினாள். திரையில் 'பரிசீலனையில்' என்று மஞ்சளாக வந்து நின்றது.

அப்போதுதான் அந்த மாணவி எழுதிய பக்கம் நினைவுக்கு வந்தது. கல்லூரிக் கடிதத்தில் தடை இல்லை என்று இருக்கும். அவள் பக்கத்தில் இருபத்தொரு நாள் தடைப்பட்டது என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் என்ன நினைப்பார்? கல்லூரி மறைக்கிறது, பெண் உளறிவிட்டாள் என்றுதான் நினைப்பார். நான் திருத்தியது அவளுக்கு முன்னைவிடக் கெடுதலாகப் போகிறது. அந்தப் பக்கத்தை ஐந்து மணிக்குள் அவள் மட்டும்தான் மாற்ற முடியும்.

ஏழு முறை அவளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வார்டில் இருப்பாள், போன் லாக்கரில் இருக்கும். மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றுக்கும் ஒற்றை டிக்தான். எதிர் மேசைப் பெண் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "வீட்டு நம்பர் இல்லியா சார்?" என்றாள்.

இருந்தது. ஜூலையில் வந்த நம்பர். இரண்டு பன்னிரண்டுக்கு அதை அழுத்தினேன்.

"ஹலோ" என்றார் அவள் அப்பா.

நான் யார் என்று சொன்னேன்.

"பிள்ளை... டியூட்டி."

"தெரியும். போன எடுக்கல. அவசரங்க. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லை... நான்... தனிய."

வேறு வழியில்லை. "நான் சொல்றத அப்படியே பிள்ளைகிட்ட சொல்லணும். அவ தன்னைப் பத்தி எழுதின பக்கத்துல ரெண்டாவது பத்தி, இருபத்தொரு நாள்னு ஒரு வரி இருக்கு. அதை எடுத்துட்டுத் திரும்ப ஏத்தணும். அஞ்சு மணிக்குள்ள. எங்களுக்கு அஞ்சு, உங்களுக்கு நாலு."

மறுமுனையில் சத்தம் இல்லை. ஆறு வினாடி.

"ஏன்?"

"நான் எண்ணினது தப்பு. இருபத்தொண்ணு இல்ல. இருபது."

இந்த முறை பதினோரு வினாடி. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"நான்... அண்டைக்கு... சொன்னனான்."

"ஆமா."

"வெள்ளி... வேலை. ஞாயிறு... லீவு. கட்டில்ல... கிடந்து... எண்ணினனான். பிள்ளைக்கு... எத்தினை நாள்... போகுதெண்டு."

அவர் இருக்கும் ஊரில் இன்றைக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. தன் ஊர்க் கணக்கை விட்டுவிட்டு, மகள் படிக்கும் ஊர்க் கணக்கில், வலது கை அசையாமல் படுத்தபடி அவர் சரியாக எண்ணியிருக்கிறார். நான் மேசை முன் உட்கார்ந்து, கையில் அட்டையோடு தப்பாக எண்ணியிருக்கிறேன்.

"எனக்கு... கதை... போயிட்டுது" என்றார். "இலக்கம்... போகேல்லை."

"மன்னிச்சிருங்க."

"வார்டு... நம்பர்... மனப்பாடம். பிள்ளை... இப்ப... நான்... கிடந்த... வார்டு. எடுத்து... சொல்லுறன்."

"உங்களால சொல்லிட முடியுமா?" கேட்ட பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

"ஐயா... போனை... வையுங்கோ. நேரம்... போகுது."

வைத்தேன்.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு மஞ்சள். மூன்றரைக்கு மஞ்சள். எதிர் மேசைப் பெண் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்தைப் புதுப்பித்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். "சார், நீங்க பின்னால நிண்ணு மூச்சு விட்டா அது பச்சையாகாது. போய்க் குறிப்ப எழுதுங்க" என்றாள். போய் உட்கார்ந்து எழுதினேன். யார் எண்ணியது: நான். எதனால் தவறியது: பழைய அட்டை. யார் கண்டுபிடித்தது என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'நான்' என்று எழுதினேன். அதை அடித்தேன்.

நான்கு மணிக்கு மஞ்சள். பஹ்ரைனிலிருந்து ஒன்றும் இல்லை. வார்டில் யார் போனை எடுத்திருப்பார்கள்? ஒரு நர்ஸ். ஒரு கிழவர் ஒரு சொல், இரண்டு சொல் பேசிவிட்டு நின்றால் ராங் நம்பர் என்று வைத்துவிட மாட்டாளா? நான் வைத்தேனே.

நான்கு முப்பத்தெட்டுக்குத் திரை பச்சையானது. 'ஏற்கப்பட்டது'. எதிர் மேசைப் பெண் கையைத் தட்டினாள். நான் என் போனைப் பார்த்தேன். ஒற்றை டிக் மூன்றும் அப்படியே இருந்தன.

நான்கு நாற்பத்தொன்பதுக்கு ஒரு குரல் செய்தி வந்தது, அவள் அப்பாவின் நம்பரிலிருந்து. பதினான்கு வினாடி. காதில் வைத்தேன்.

"மாத்தி... போட்டாச்சு. நாலாவது... முறை... எடுத்தவை."

அவ்வளவுதான். மூன்று முறை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான்காவது முறை யாரோ பொறுமையாக நின்று கேட்டிருக்கிறார்கள். இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது. நர்ஸ் வந்து, "உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் இருபது, இருபது என்று மட்டும் சொல்கிறார்" என்றாளாம். ஓடி வந்து எடுத்திருக்கிறாள். என் மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. 'அங்கிள்' என்று கடைசியில் போட்டிருந்தாள், அதை இரண்டு முறை பார்த்தேன்.

மறுநாள் குறிப்பை டீனிடம் கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்பது வரி. கடைசி வரியில் நின்றார். அதில் நான் எழுதியிருந்தது: 'மாணவியின் தகப்பனார் ஜூலையிலேயே சரியான எண்ணிக்கையை எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். அவர் உடல்நிலையைக் காரணமாக எண்ணி நான் அதைப் பொருட்படுத்தவில்லை.'

"இந்த வரி எதற்கு?"

"நீங்கள் கேட்டீர்கள், சார். யார் கண்டுபிடித்தது என்று."

"கோப்புக்கு இது தேவையில்லை. உங்களுக்கும் நல்லதில்லை. அடுத்த மாதம் உங்கள் நீட்டிப்புக் காகிதம் என் மேசைக்கு வருகிறது. எனக்கு மேலே உள்ளவர்களும் கோப்பைப் படிப்பார்கள்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. வருடத்துக்கு ஒரு முறை நீட்டிக்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா?

"ஒருவரைப் பற்றி எழுதினால் முழுதாக எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம், சார்."

அவர் பேனாவை எடுத்து அடியில் சுருக்கொப்பம் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"சார், தேதி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு தேதி போட்டார்.

அடுத்த மூன்று நாளில் பதினேழு கோப்புகளையும் திரும்ப எண்ணினேன், இந்த முறை எதிர் மேசைப் பெண் கணினியில் எண்ண, நான் அட்டையில் எண்ண. பதினோராவதைத் தவிர வேறெதிலும் இருபதுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. 'ஞா' அட்டையைத் தனி உறையில் போட்டு, உறை மேல் சிவப்பு மையில் எந்த வருடம் வரைக்கும் என்று எழுதினேன். நீட்டிப்பு வந்தது, ஆறு மாதத்துக்கு மட்டும்.

டிசம்பரில் அவள் தானாகவே எழுதினாள்: ஆறு மருத்துவமனைகள் நேர்காணலுக்கு அழைத்தனவாம். எதிலும் அந்த நான்கு வாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். ஓரிடத்தில் மட்டும், குழந்தைகள் வார்டு நிபுணர் ஏன் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறார் என்று கேட்டார்களாம். அது ஐந்தாம் பக்கம். அதுவரைக்கும் படித்திருக்கிறார்கள்.

எந்த இடம் என்று தெரிய, இதை எழுதும் இன்றைக்கு இன்னும் நாற்பத்தேழு நாள் இருக்கிறது. முடிவு வருவது மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. பஹ்ரைனில் அன்று விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இங்கே வேலை நாள். அவளுக்கு நான் போன் செய்யப் போவதில்லை. அவள் அப்பாவுக்குச் செய்வேன். அவர் சொல்லி முடிக்கும்வரை வைக்க மாட்டேன்.